உள் ஒதுக்கீடு: ‘உள்’ என்றால் என்ன?

(மதுரை நெல்பேட்டையில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு ஒரே ஒரு சொல்: ‘உள் ஒதுக்கீடு’. இந்தச் சொல்லைக் கேட்டிராதவர் இந்தச் சபையில் யாரும் இருக்க முடியாது. 2007-லிருந்து மேடைதோறும் முழங்கி வருகிறோம். சுவரில் எழுதினோம். 3.5 போதாது, 5 வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் தீர்மானம் நிறைவேற்றுகிறோம். ஆனால் அந்தச் சொல்லின் முன்னால் நிற்கிற ‘உள்’ என்னும் இரண்டு எழுத்துக்கு என்ன பொருள் என்று நம்மில் எத்தனை பேர் நின்று யோசித்தோம்? எதற்கு உள்? யாருக்கு உள்? உள்ளே போனவன் வெளியே வரலாமா, கூடாதா? இதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

வியாபாரிகளுக்கு நிலக் கணக்கைச் சொன்னால் உடனே விளங்கும். தாலுகா ஆபீசுக்கு நடந்து செருப்புத் தேய்ந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். நிலத்துக்குப் புல எண் என்று ஒன்று உண்டு. அதற்குக் கீழே உட்பிரிவு எண் என்று ஒன்று உண்டு. 87 என்பது புல எண். அதைப் பிரித்தால் 87/1, 87/2. அதில் 87/2-ஐ மறுபடி பிரித்தால் 87/2ஏ, 87/2பி. மேலூர்ப் பக்கம் பெரியாற்றுப் பாசனத்தில் நான்கு சகோதரர்களுக்கு ஒரே பட்டாவில் நிலம் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கூட்டுப் பட்டா. எல்லாருக்கும் உரிமை உண்டு என்று காகிதம் சொல்லும். அனுபவிப்பது யார்? கை வலுத்தவன். இளையவன் வழக்குப் போட்டு உட்பிரிவு வாங்குகிறான். இப்போது அவன் பெயரில் தனிப் பட்டா. நல்லது. ஆனால் அந்த உட்பிரிவு இரண்டு விதமாக அமையலாம். நான்கு பக்கமும் வேலி போட்டு, ‘இதற்குள் விளைவது உன்னுடையது, வேலிக்கு அந்தப் பக்கம் நீ கால் வைக்கக் கூடாது’ என்பது ஒரு விதம். ‘இந்த மூலை நிச்சயமாக உனக்கு, மீதி நிலத்திலும் உன் உழைப்புக்கு ஏற்றபடி நீ பங்கு கேட்கலாம்’ என்பது இன்னொரு விதம். இரண்டுக்கும் பெயர் உட்பிரிவுதான்.

நம்முடைய 3.5 விழுக்காடு முதல் விதம். அது வேலி போட்ட வயல்.

எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். சென்னை மாகாணத்தில் 1928-ல் நடைமுறைக்கு வந்த வகுப்புரிமை ஆணையில் உத்தியோகங்கள் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பங்கிடப்பட்டன. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்குமாக 2, தாழ்த்தப்பட்டவர்களுக்கு 1. அதாவது ஆறில் ஒன்று நம்முடையது. அது ‘தனி’ ஒதுக்கீடு. எதற்கும் உள்ளே இல்லை. 1947-ல் அந்த ஆணை திருத்தப்பட்டபோது பதினான்கில் 1 என்று ஆயிற்று. 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுப்புவாரி ஆணையே செல்லாது என்றது. அதே ஆண்டில் வந்த முதல் அரசியல் சட்டத் திருத்தம், சமுதாயத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பாருக்கு வழி திறந்துவிட்டது. அன்றிலிருந்து நம் பெயர் மாறிவிட்டது. ‘முஸ்லிம்’ என்ற பெயரில் இருந்த பங்கு போய், ‘பிற்படுத்தப்பட்டோர்’ என்ற பெரிய பட்டியலுக்குள் லெப்பை என்றும் தக்னி என்றும் ஒரு வரியாக, கூட்டுப் பட்டாதாரர்களில் ஒருவராக ஆனோம்.

அந்தக் கூட்டுப் பட்டா 1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் 50 விழுக்காடாக வளர்ந்தது. 1989-ல் கலைஞர் ஆட்சியில் அதிலிருந்து 20 விழுக்காடு மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் என்று பிரிக்கப்பட்டது. நினைவில் வையுங்கள், தமிழ்நாட்டில் பெரிய உட்பிரிவு என்றால் அதுதான். மீதி 30. தாழ்த்தப்பட்டோர் 18, பழங்குடியினர் 1 சேர்த்து மொத்தம் 69. இந்த 69-ஐக் காக்கத்தான் ஜெயலலிதா ஆட்சியில் தனிச் சட்டம் இயற்றி, 1994-ல் 76-ஆவது திருத்தத்தின் வழியாக ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தார்கள்.

நாம் கேட்டது என்ன? ‘தனி இட ஒதுக்கீடு’. 2007 செப்டம்பரில் கிடைத்தது என்ன? ‘உள் ஒதுக்கீடு’. நீதிபதி ஜனார்த்தனம் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரையை வைத்து, பிற்படுத்தப்பட்டோரின் 30-லிருந்து முஸ்லிம்களுக்கு 3.5, கிறிஸ்தவர்களுக்கு 3.5 என்று பிரித்தார்கள். 69 என்ற வரப்பை அரசு தாண்டவில்லை. வரப்புக்குள்ளேயே அளந்து கொடுத்தது. ஆகவே ‘தனி’ என்று சொல்வதும் முழுப் பொய்யல்ல, ‘உள்’ என்று சொல்வதும் பொய்யல்ல. 69-க்கு உள்ளே, 30-க்கு உள்ளே, ஆனால் நமக்கென்று தனியாக.

அடுத்த ஆண்டு நடந்ததைக் கவனியுங்கள். 2008-ல் கிறிஸ்தவ சமுதாயத்தார் தங்களுடைய 3.5-ஐத் தாங்களாகவே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஏன்? கூட்டுப் பட்டாவில் இருந்தபோது கிடைத்துக்கொண்டிருந்த இடங்கள் வேலிக்குள் வந்தபின் குறைவதாக அவர்கள் கண்டார்கள். கணக்குப் பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள். பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் 3.5 என்று இன்று நீங்கள் பார்க்கிற பட்டியல் அப்படி வந்ததுதான். அவர்கள் செய்தது சரியா தவறா என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களிடம் கணக்கு இருந்தது. நம்மிடம் இருந்ததா?

இப்போது வேலிக்கு வருகிறேன். அந்த 26.5-க்கு அரசு வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: ‘பிற்படுத்தப்பட்டோர், முஸ்லிம் நீங்கலாக’. நீங்கலாக! நம் பிள்ளை பொதுப் போட்டியின் 31 விழுக்காட்டில் மதிப்பெண்ணால் இடம் பிடிக்கலாம்; அது எல்லாருக்கும் திறந்தது, அங்கே வாங்கிய இடம் நம் 3.5-ல் கழிக்கப்படாது. அதற்கு அடுத்து அவனுக்கு உள்ள இடம் 3.5 மட்டுமே. 26.5-ல் அவன் போட்டியிட முடியாது.

அருந்ததியர் சகோதரர்களுக்கு 2009-ல் வந்த சட்டம் வேறு மாதிரி. தாழ்த்தப்பட்டோரின் 18-ல் 3 விழுக்காடு அவர்களுக்கு முன்னுரிமையாக ஒதுக்கப்பட்டது. அந்த 3-ல் இடம் கிடைக்காத தகுதியுள்ள அருந்ததியர், மீதி 15-லும் மற்றத் தாழ்த்தப்பட்டவர்களோடு மதிப்பெண் வரிசையில் போட்டியிடலாம். அந்த 3 நிரம்பாவிட்டால் மற்றத் தாழ்த்தப்பட்டவர்களுக்குப் போகும். அது கதவு வைத்த அறை. பத்திரிகைகள் இதையும் ‘உள் ஒதுக்கீடு’ என்றுதான் எழுதுகின்றன, நம்முடையதையும் ‘உள் ஒதுக்கீடு’ என்றுதான் எழுதுகின்றன.

மூன்றாவதாகவும் ஒரு பொருள் இருக்கிறது. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு வந்தது. அதையும் ‘உள் ஒதுக்கீடு’ என்றே சொல்கிறோம். அது வயலும் அல்ல, அறையும் அல்ல; எல்லா வயலின் ஊடாகவும் ஓடுகிற வாய்க்கால். அந்த 7.5-க்குள்ளும் பொதுப் போட்டி, பி.சி., பி.சி.எம்., எம்.பி.சி. எல்லாம் இருக்கும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு என்பதும், பெண்களுக்கான ஒதுக்கீடும் இந்த வகைதான். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த நம் வீட்டுப் பெண்பிள்ளை இந்த வாய்க்கால்கள் ஓடுகிற இடத்தில் நிற்கிறாள். அவளுக்குத்தான் வழி அதிகம். அவளைத்தான் பிளஸ் டூ முடிந்ததும் நிறுத்திவிடுகிறோம்.

‘அப்படியானால் வேலி நமக்கு நன்மையா, கேடா?’ என்று கேட்பீர்கள். இதற்கு மேடையில் கைதட்டல் வாங்குகிற பதில் கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் கலந்தாய்வு முடிந்ததும் கட்-ஆப் பட்டியல் வருகிறது. அதில் பி.சி. வரிசையையும் பி.சி.எம். வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பி.சி.எம். கட்-ஆப் குறைவாக இருக்கிற படிப்பில் வேலி நம் பிள்ளையைக் காக்கிறது. பி.சி.யைவிட மேலே போய்விட்ட படிப்பில் அதே வேலி அவனைத் தடுக்கிறது. படிப்புக்குப் படிப்பு, ஆண்டுக்கு ஆண்டு இது மாறும். என் கருத்தைக் கேட்டால், கூட்டுப் பட்டாவிலிருந்து பிரிந்து வந்தது சரிதான். எண்ணிக்கையில் சிறிய சமுதாயம் பெரிய கைகளுக்கு நடுவே நின்றால் நசுங்கும். ஆனால் பிரித்துக் கொடுத்தபோது கதவு வேண்டும் என்று கேட்காமல் விட்டோம். இனி 5 விழுக்காடு என்று தீர்மானம் போடுகிறவர்கள், ‘அருந்ததியர் சட்டத்தில் உள்ளதுபோல் மீதி இடங்களிலும் போட்டியிடும் உரிமை’ என்ற ஒரு வரியையும் சேர்த்துப் போட வேண்டும். எண்ணைவிட அந்த வரிக்கு மதிப்பு அதிகம்.

அப்படிக் கேட்டால் கிடைக்குமா? இங்கேதான் நம் ஊர் ஒத்தக்கடை பக்கம் உலகனேரியில் இருக்கிற உயர் நீதிமன்றக் கிளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரியில், தேர்தல் அறிவிப்பு வருகிற வேளையில், எம்.பி.சி.யின் 20-க்குள் வன்னியர்களுக்கு 10.5 என்று ஒரு சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 1-ந் தேதி மதுரைக் கிளை அதை ரத்து செய்தது. 2022 மார்ச் 31-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தீர்ப்பின் சாரத்தை வாலிபர்கள் மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். உள் ஒதுக்கீடு செய்ய மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. அதிகாரம் உண்டு, ஆனால் ஒரு சமுதாயத்தை மற்றவர்களிடமிருந்து தனியாகப் பிரிப்பதற்கு இன்றைய புள்ளிவிவரம் எங்கே என்று கேட்டது. 1980-களின் அம்பாசங்கர் ஆணையக் கணக்கும், தலை எண்ணிக்கையும் போதாது என்றது.

2024 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில், தாழ்த்தப்பட்டோர் பட்டியலுக்குள்ளும் உட்பிரிவு செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. 2004-ல் சின்னையா வழக்கில் கூடாது என்று சொன்னதை மாற்றிய தீர்ப்பு இது. அங்கேயும் அதே நிபந்தனைதான்: பிரிப்பதற்கு ஆதாரம் வேண்டும்.

பக்கத்து மாநிலங்களைப் பாருங்கள். கர்நாடகத்தில் ‘2-பி’ என்ற பிரிவில் முஸ்லிம்களுக்கு இருந்த 4 விழுக்காட்டை 2023 மார்ச்சில், அதுவும் ஒரு தேர்தலுக்கு முன்னால், அன்றைய அரசு எடுத்தது. உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அந்த ஆணை நடைமுறைக்கு வராமல் நின்றது. ஆந்திரத்தில் 2004-லும் 2005-லும் வந்த 5 விழுக்காடு நீதிமன்றத்தில் விழுந்தது. பிறகு 2007-ல், எல்லா முஸ்லிம்களுக்கும் என்றில்லாமல், பின்தங்கிய பிரிவுகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு 4 விழுக்காடு கொடுத்தார்கள். அதையும் 2010-ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையில் அது உயிர் பிழைத்தது. இது எதைக் காட்டுகிறது? மதத்தின் பெயரால் கேட்டால் நீதிமன்றத்தில் நிற்காது. பின்தங்கிய நிலையின் பெயரால், கணக்கோடு கேட்டால் நிற்க இடம் உண்டு.

நம் சட்டமும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 3.5 ‘முஸ்லிம்களுக்கு’ அல்ல. ஏழு பெயர்களுக்கு. அன்சார், தக்னி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத். இந்த ஏழில் ஒன்று சாதிச் சான்றிதழில் இருக்க வேண்டும். இங்கே ஒரு சங்கடம் வருகிறது. அது நல்ல மனதிலிருந்து வருகிற சங்கடம். ‘இஸ்லாத்தில் ஏது சாதி? நான் முஸ்லிம் என்றுதான் எழுதுவேன்’ என்கிறான் வாலிபன். அவன் மார்க்கப் பற்றை மெச்சுகிறேன். ஆனால் தம்பி, அந்தக் கட்டம் உன் ஈமானைக் கேட்கவில்லை. உன் பாட்டனார் என்ன தொழில் செய்தார், எந்த வட்டாரத்திலிருந்து வந்தார், அரசின் பேரேட்டில் எந்த வரியில் இருக்கிறார் என்று கேட்கிறது. வெறும் ‘முஸ்லிம்’ என்பது அந்தப் பட்டியலில் இல்லாத பெயர். பள்ளிச் சேர்க்கையில் அப்படிப் பதிந்து, சான்றிதழும் வாங்காமல் விட்டால், விண்ணப்பம் பொதுப் பிரிவில் போய் நிற்கும். அதற்காக நிக்காஹ் பேசும்போது ‘நீங்கள் ராவுத்தரா, லெப்பையா’ என்று விசாரிக்கிற பெரியவர்களுக்கு நான் அனுமதிச் சீட்டு கொடுத்ததாக எண்ணிவிட வேண்டாம். தாலுகா ஆபீஸ் சொல் தாலுகா ஆபீசோடு நிற்கட்டும்.

புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்கள் நிலை இன்னும் கடினமாக இருந்தது. அவர்கள் இந்த ஏழில் எதிலும் பிறந்தவர்கள் அல்லர். எம்.பி.சி. வகுப்பில் பிறந்து இஸ்லாத்துக்கு வந்த ஒரு சகோதரர், தேர்வாணையம் தன்னைப் பொதுப் பிரிவில் வைத்ததை எதிர்த்து மதுரைக் கிளைக்குப் போனார். 2022 டிசம்பரில் வழக்கு தள்ளுபடி ஆயிற்று. 2024 மார்ச்சில் தமிழக அரசு, பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட வகுப்புகளிலிருந்து இஸ்லாத்துக்கு வந்தவர்களைப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கருதலாம் என்று ஆணை பிறப்பித்தது. இந்த ஆணை பற்றி எத்தனை முஹல்லாவில் அறிவிப்புச் செய்தோம்? தழுவிய அன்று மாலை போட்டுப் புகைப்படம் எடுக்கிறோம். அவர் பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்க உடன் போகிறவர் யார்?

ஒரு சிறு கணக்கோடு உரையை முடிக்கப் பார்க்கிறேன். 3.5 விழுக்காடு என்பது அரசுப் பணியில் 200 இடங்களுக்கு 7 முறை. இனச் சுழற்சி என்பார்கள். ஒரு துறையில் ஆறு இடம், எட்டு இடம் என்று ஆளெடுத்தால் அதில் நம் முறை வராமலே போகலாம். ‘பாரபட்சம்’ என்று உடனே கூச்சல் போடக் கூடாது. சுழற்சி நின்ற இடத்திலிருந்து அடுத்த முறை தொடரும். ஆனால் நம் முறை எப்போது வந்தது, வந்தபோது யார் விண்ணப்பித்தார் என்று கவனிக்க ஆள் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம்: ‘கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்கள் துறையில் பி.சி.எம். சுழற்சிகள் எத்தனை, நிரப்பியவை எத்தனை?’ கடையில் ஒரு நாள் டீச் செலவு அதைவிட அதிகம்.

காஜிமார் தெரு, முனிச்சாலை, மகபூப்பாளையம், தெற்குவாசல், வெளியே மேலூர், திருமங்கலம், சோழவந்தான் என்று ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஒரு நோட்டு போடுங்கள். வியாபாரிகளுக்குப் பேரேடு எழுதக் கற்றுத்தர வேண்டியதில்லை. எத்தனை பிள்ளைகள் பிளஸ் டூ எழுதினார்கள், எத்தனை பேரிடம் சாதிச் சான்றிதழ் இருக்கிறது, எத்தனை பேர் கலந்தாய்வுக்குப் போனார்கள், எந்தப் பிரிவில் இடம் கிடைத்தது, படிப்பை விட்டுக் கடைக்கு வந்தவர் எத்தனை. அரசு ஆணையம் ஒன்று நாளை ‘ஆதாரம் எங்கே’ என்று கேட்டால் எடுத்து வைக்க நம்மிடம் அதுதான் இருக்கும்.

(உரைக்குப் பின் சபையிலிருந்து எழுந்த கேள்வி: “மத்திய அரசு வேலைக்கும் இந்த 3.5 செல்லுமா?”)

செல்லாது. பலரும் குழம்புகிற இடம் இது. மத்திய அரசில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு. அது இன்னும் கூட்டுப் பட்டாதான். 2011 டிசம்பரில் அதற்குள் சிறுபான்மையினருக்கு 4.5 என்று அறிவித்தார்கள். 2012 மே மாதம் ஆந்திர உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் தடை தர மறுத்தது. தவிர, மத்தியப் பட்டியல் வேறு, மாநிலப் பட்டியல் வேறு; உங்கள் பிரிவின் பெயர் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மாநிலத்தில் இல்லாத ‘வளமான பிரிவு’ என்ற வடிகட்டி அங்கே உண்டு. பெற்றோருக்கு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 8 லட்சத்துக்கு மேல் வருமானம் இருந்தால் பிள்ளைக்குக் கிடையாது. இதில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. கடை வருமானம் சேரும். ஆகவே வருமான வரிக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். சான்றிதழும் தனிப் படிவம். மாநிலத்துக்கு வாங்கிய பி.சி.எம். சான்றிதழை அங்கே கொண்டுபோய் நீட்டினால் வாங்க மாட்டார்கள். விண்ணப்பத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே தாலுகா ஆபீசில் கேட்டு வைத்துவிடுங்கள்.